ஸ்மிதா பாட்டீல்: ஒரு நடிகையின் வாழ்வும் நாம் கொள்ளத்தக்க பாடமும்

(நம் சங்கத்து ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

ஆண்டுதோறும் இவ்வவையில் எனக்குச் சிறிது நேரம் ஒதுக்கி, யாதேனும் ஓர் இலக்கியப் பொருள்பற்றிப் பேசுமாறு பணிப்பது நம் செயலாளர் அவர்களின் வழக்கம். கம்பநாடரையோ சேக்கிழார் பெருமானையோ யான் எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் இவ்வாண்டும் எதிர்பார்த்திருப்பார்கள். யானோ ஒரு திரைப்பட நடிகையின் வாழ்க்கையைச் சொல்ல வந்திருக்கின்றேன். 'தமிழ்ப் பண்டிதனுக்கும் சினிமாவுக்கும் யாது இயைபு?' என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள பெரியோர் சிலர் புன்முறுவல் பூப்பது எனக்குத் தெரிகின்றது. இயைபும் உண்டு, காரணமும் உண்டு. காரணத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றேன்.

இரண்டு திங்களுக்கு முன்னர் நம் சங்கத்தின் உபகாரச் சம்பளக் குழு கூடியது. பொறியியல் பயில்வார், மருத்துவம் பயில்வார், கணக்கியல் பயில்வார் ஆகியோருடைய விண்ணப்பங்கள் எல்லாம் விரைவில் ஏற்கப்பெற்றன. நம் குலத்துப் பெண் ஒருத்தியின் விண்ணப்பம் மட்டும் நின்றுபோயிற்று. மதிப்பெண்ணில் அவள் எவருக்கும் இளைத்தவள் அல்லள். குடும்ப நிலையோ மற்றையோரினும் நலிந்தது. பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயில விழைகின்றேன் என்று எழுதியதே அவள் செய்த குற்றம். 'கூத்தாடப் போகின்ற பெண்ணுக்குச் சங்கத்துப் பணமா?' என்றார் ஒருவர். பிறர் நகைத்தனர். விண்ணப்பம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பெற்றது. அக்குழுவில் யானும் ஓர் உறுப்பினன். அன்று யான் வாய் திறந்திலேன். வீடு திரும்பிய பின்னர் அம்மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று பேசாததை இன்று பேசுகின்றேன், பொறுத்தருள்க.

அன்பர்காள்! கூத்தை இழிவென்று கூறும் நாம் எந்நூலை முதற் காப்பியம் என்று தலைமேற் கொண்டாடுகின்றோம்? சிலப்பதிகாரத்தை. அதன் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், யாழாசிரியன் ஆகியோர்தம் இலக்கணங்களையும் அரங்கின் அமைப்பையும் விரித்துரைக்கின்றது. ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னீராண்டில் மாதவி அரங்கேறினாள். மன்னனிடம் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். இதனை வகுப்பறையில் யான் பெருமிதத்தொடு நடத்துகின்றேன். ஆயின் அடுத்து நிகழ்வதனை நினைமின். அவள் மாலையைக் கூனி ஒருத்தி நகரத் தெருவில் ஏந்தி நின்று, அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து இதனை வாங்குவோன் இவளுக்குக் கொழுநனாவான் என்று விலை கூறுகின்றாள். கலையைப் போற்றிய ஊரே கலைமகளை விலைக்கு வைத்தது. இழிவு ஆடலில் இருந்ததா, விலை கூறியதில் இருந்ததா? இவ்வொரு வினாவை மனத்திற் கொண்டு நான் சொல்லப்போகும் வரலாற்றைக் கேட்க வேண்டுகின்றேன்.

ஸ்மிதா பாட்டீல் 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் புனே நகரிற் பிறந்தார். 'ஸ்மிதம்' என்னும் வடசொல்லுக்குப் புன்முறுவல் என்பது பொருள். தந்தையார் சிவாஜிராவ் பாட்டீல் விடுதலைப் போரில் ஈடுபட்டவர்; பின்னர் மகாராஷ்டிர அரசில் அமைச்சராக இருந்தவர். தாயார் வித்யாதாய் பொதுப்பணியில் தோய்ந்தவர். ஊருக்கு உழைத்தல் என்பதைக் கண்டும் கேட்டும் வளர்ந்த பெண் இவர்.

1972-இல் பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றபின், இளம் பருவத்திலேயே மராத்திச் செய்தி வாசிப்பவராக அதில் அமர்ந்தார். காற்சட்டையின் மேலேயே அவசரமாகச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து செய்தி வாசிப்பார் என்று அவரை அறிந்தோர் சொல்வர். சிவந்த மேனி உடையவளே திரைக்கு உரியவள் என்று நாடு நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கரிய நிறமும் அகன்ற கண்களும் திண்ணிய குரலும் உடைய அப்பெண்ணை இயக்குநர் ஷ்யாம் பெனகல் கண்டார். 1975-இல் சிறுவர்க்கென அவர் எடுத்த 'சரண்தாஸ் சோர்' என்னும் படத்திலும், அதே ஆண்டில் 'நிஷாந்த்' என்னும் படத்திலும் ஸ்மிதா நடித்தார்.

ஈண்டு ஒரு விளக்கம் வேண்டும். திரைப்படங்களுள் இருவகை உண்டு. பெருமுதலாளர் கோடி கோடியாகக் கொட்டி, பாட்டும் ஆட்டமும் சண்டையும் கலந்து, போட்ட பொருளை மீட்பதையே நோக்கமாகக் கொண்டு எடுப்பது ஒருவகை. சிறு பொருளைக்கொண்டு, மெய்யான ஊரிலும் மெய்யான வீட்டிலும் படம் பிடித்து, நாட்டு மக்களின் வாழ்வை உள்ளவாறு காட்ட முயல்வது மற்றொரு வகை. இதனை மாற்றுச் சினிமா என்றும் இணை சினிமா என்றும் கூறுவர். அரசின் கடனுதவியாலும், தனியார் சிலரின் துணிவாலும், சிலபோது இயக்குநர்தம் கைப்பொருளாலுமே அத்தகைய படங்கள் தோன்றின. ஸ்மிதா தம்மை ஒப்படைத்தது இவ்வகைக்கே. தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் வணிகப் படங்களின் அழைப்புக்களை அவர் மறுத்தே வந்தார்.

அவ்வகைப் படங்களுள் 1976-இல் வந்த 'மந்தன்' நம்மைப் போன்ற சங்கத்தார் யாவரும் அறியத்தக்கது. குஜராத்து மாநிலத்துப் பால் கூட்டுறவு இயக்கத்தின் கதை அது. வர்கீஸ் குரியனும் பெனகலும் கூடிக் கதை அமைத்தனர். விஜய் டெண்டுல்கர் திரைக்கதை எழுதினார். படத்திற்கு முதல் போட்டவர் யார் தெரியுமா? ஒரு முதலாளி அல்லர். 5 லட்சம் குடியானவர்கள்! பால் விற்ற பணத்தில் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தனர். 10 லட்சம் ரூபாய் சேர்ந்தது. படம் வெளிவந்தபொழுது, 'எங்கள் படம்' என்று அவர்களே கூட்டங்கூட்டமாக வந்து கண்டனர். சிறுசிறு சந்தாவைத் திரட்டி இக்கட்டடத்தை எழுப்பிய நமக்கு அதன் அருமையை யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அப்படத்தில் ஸ்மிதா ஏற்றது பிந்து என்னும் பால்காரப் பெண்ணின் பாத்திரம். குந்தி அமரும் முறை, முந்தானையை இழுத்துவிடும் முறை, அயலானிடம் பேசுங்கால் குரலில் ஏறும் கடுமை ஆகியவற்றைக் காண்போர், கூட்டத்தில் நிற்கும் ஊர்ப்பெண்களினின்றும் அவரைப் பிரித்தறிதல் அரிது. ஒப்பனையால் வருவதன்று அது. பிறர் வாழ்வை உற்றுநோக்கி, அவர்தம் துயரைத் தம் துயராகக் கொள்ளும் நெஞ்சத்தால் வருவது. 48 ஆண்டுகள் கழிந்தபின், 2024-இல் அப்படம் பழுதுநீக்கிப் புதுக்கப்பெற்று, பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. இரண்டு ரூபாய் கொடுத்த குடியானவனின் பணம் வீண்போகவில்லை.

இனி, 1977-இல் வந்த 'பூமிகா'. ஹம்சா வாட்கர் என்னும் மராத்தி நடிகை தம் வாழ்வை ஒளிக்காது எழுதிய நூலைத் தழுவியது இது. ஹம்சா வாட்கர் இளம் பருவத்திலேயே குடும்பத்தைக் காக்கும்பொருட்டு நடிக்க அனுப்பப்பெற்றவர். படத்தில் வரும் உஷா என்னும் நடிகையின் நிலையும் அதுவே. அவள் உழைத்துத் தர வீட்டார் உண்டனர். அவள் வருவாயால் வாழும் கணவனே அவளை ஐயுற்று வருத்துகின்றான். வெறுத்து வெளியேறிச் செல்வர் ஒருவரிடம் அடைக்கலம் புகுகின்றாள். அவரோ அவளுக்கு எல்லாச் சிறப்பும் தந்து, வாயிற்படியைத் தாண்டும் உரிமையை மட்டும் மறுக்கின்றார். இறுதியில் அவள் தனியே நிற்கின்றாள். இளம்பெண்ணாகவும் நடுவயது மாதாகவும் இப்பாத்திரத்தை நடித்தபொழுது ஸ்மிதாவுக்கு இருபதுக்குச் சிறிதே மேற்பட்ட அகவை. நாட்டின் சிறந்த நடிகை என்னும் தேசிய விருது அவரை வந்தடைந்தது.

மாதவியின் மாலையை இங்கே நினைவுகூர்க. நடிகையை இழிந்தவள் என்று புறந்தள்ளும் உலகமே அவளை விலை கூறுகின்றது. அவளுக்குப் பின்னால் நிற்க வீடு இல்லை, ஊர் இல்லை என்று அறிந்த பின்னரே அவளை நெருங்குவோர் துணிவு கொள்கின்றனர். நடித்த பாத்திரத்திற்கும் ஸ்மிதாவுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஹம்சா வாட்கரைக் குடும்பம் அனுப்பியது வருவாய்க்காக. ஸ்மிதா தாமே விரும்பிச் சென்றார். அவருக்குக் கல்வி இருந்தது. பின்னால் நிற்கப் பெற்றோர் இருந்தனர். ஆகவே அவரால் 'வேண்டா' என்று சொல்ல இயன்றது.

அவ்வாறு சொல்லவும் செய்தார். 1981-இல் வந்த 'சக்ரா' என்னும் படத்தில் பம்பாய்க் குடிசைப் பகுதியில் வாழும் ஒரு தாயாக நடித்தார். அதன்பொருட்டுக் குடிசைகளுக்கு நேரே சென்று அங்குள்ளோர் வாழ்வைக் கண்டறிந்தார். இருபத்தைந்து அகவையில், மீசை முளைக்கும் பருவத்து மகனுக்குத் தாயாகத் தோன்ற எத்துணை நடிகையர் ஒப்புவர்? அப்படம் அவருக்கு இரண்டாம் முறை தேசிய விருதை ஈட்டித்தந்தது. குடிசையில் குளியலறை ஏது? அப்பெண் திறந்தவெளியில் நீராடும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. வறுமையைக் காட்ட எழுந்த காட்சி அது. வணிகரோ அதனையே விளம்பரத்திற்குப் பயன்படுத்தினர். பெண்ணுடலைக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் இவ்வழக்கத்தை ஸ்மிதா வெளிப்படையாகக் கண்டித்தார். பம்பாயில் மகளிர் நலத்திற்கெனப் பணியாற்றிய மகளிர் மையத்திலும் அவர் பங்குகொண்டிருந்தார்.

நிற்க. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றார். அழுகைக்கு உரியன பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், நிலை தளர்தல், வறுமை என்பன. இந்நான்கும் ஒருசேர ஒரு முகத்தில் தோன்றக் காணவேண்டின், சத்யஜித் ராய் 1981-இல் தொலைக்காட்சிக்கென எடுத்த 'சத்கதி'யைக் காண்க. பிரேம்சந்த் எழுதிய சிறுகதை அது. தோல்வினைஞர் குலத்தவனான துக்கி, தன் மகளின் நிச்சயதார்த்தத்திற்கு நாள் குறித்துத் தருமாறு ஓர் அந்தணரை வேண்டுகின்றான். காய்ச்சலினின்றும் எழுந்தவனை, உணவும் தாராது, வெயிலில் முற்றிய மரக்கட்டையைப் பிளக்க ஏவுகின்றார் அவர். பிளக்கும்பொழுதே அவன் வீழ்ந்து இறக்கின்றான். பிணம் கிணற்றுக்குச் செல்லும் வழியில் கிடக்கின்றது, தொடுவார் இல்லை. மனைவி ஜுரியா கொட்டும் மழையில் வந்து, கணவன் உடல்மேல் வீழ்ந்து, அவ்வீட்டுக் கதவைப் பார்த்து அழுகின்றாள். ஜுரியாவாக நடித்தவர் ஸ்மிதா. அவ்வழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

பெரியோர்களே! குலத்தின் பெயரால் கூடிய இச்சங்கத்தில் நின்று இக்கதையைச் சொல்ல எனக்குச் சிறிது கூச்சமே. எனினும் சொல்லுகின்றேன். நம் குலத்துப் பிள்ளைகளை உயர்த்துவதற்கு நாம் கூடியிருக்கின்றோம்; அது நன்று. ஆயின் பிறரைத் தாழ்த்துவதற்கு ஒரு நாழிகை கூடினாலும், அன்றே இச்சங்கத்தின் கதவு அந்த மழையில் சாத்தியிருந்த கதவாகிவிடும்.

இனி நம் நாட்டுக்கு மிக அணித்தான ஒரு படம். ஜி. அரவிந்தன் தாமே தயாரித்து மலையாளத்தில் இயக்கிய 'சிதம்பரம்' 1985-இல் வந்தது. அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படத்திற்கான விருதைப் பெற்றது. மூணாறு மலைப்பகுதியில் உள்ள கால்நடைப் பண்ணை ஒன்றில் கதை நிகழ்கின்றது. பண்ணைத் தொழிலாளி முனியாண்டி தன் ஊர் சென்று சிவகாமி என்னும் தமிழ்ப்பெண்ணை மணந்து அழைத்துவருகின்றான். மலரைக் கண்டும் புல்வெளியைக் கண்டும் குழந்தைபோல் வியக்கும் பெண் அவள். பண்ணை மேலாளன் சங்கரன் அவள்பால் மனம் பேதலிக்கின்றான். முனியாண்டி தூக்கிட்டு மாய்கின்றான். குற்றம் துரத்த ஊர் ஊராய் அலைந்த சங்கரன் இறுதியில் தில்லைக்கு வருகின்றான். கோயில் வாயிலில் அடியார்களின் பாதணிகளைக் காத்து அமர்ந்திருக்கும் ஒரு பெண் தலை நிமிர்கின்றாள், அவள் சிவகாமி. அவள் ஒரு சொல்லும் கூற வேண்டியதில்லை. மராத்தியிற் பிறந்த அம்மாதரசி, நம் கோயில் வாயில்களில் நாம் நாளும் கண்டும் காணாது செல்லும் ஒரு தமிழ்ப்பெண்ணின் முகத்தை நமக்குக் காட்டிச் சென்றார்.

அவர் வாழ்வில் இடர்கள் இல்லாமல் இல்லை. சிறு படங்கள் சிறிது புகழ்பெறத் தொடங்கியதும், அவற்றை எடுப்போரே வணிகச் சினிமாவில் பெயர்பெற்றவர்களைத் தேடலாயினர். அத்துறைக்கெனப் பெரும்பொருளை மறுத்த ஸ்மிதாவே சில படங்களினின்றும் விலக்கப்பெற்றார். இதனைப் பின்னர் அவரே வருத்தத்தொடு கூறியுள்ளார். அதன்பின் 1982-இல் 'சக்தி', 'நமக் ஹலால்' முதலிய பெரும்படங்களிலும் நடித்தார். ஆயினும் அதே ஆண்டில் மராத்தியில் 'உம்பர்தா' என்னும் படத்தில், ஆதரவற்ற மகளிர் இல்லத்தின் தலைவியாக நடித்ததையும் மறக்கலாகாது. 'உம்பர்தா' என்றால் வாயிற்படி. அப்படியைத் தாண்டிப் பொதுப்பணிக்குச் செல்லும் பெண், திரும்பி வருங்கால் தன் வீட்டில் தனக்கு இடமில்லை என்று காண்கின்றாள். 1985-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

அவர் முன்னரே மணமான நடிகர் ஒருவரை மணந்தார். அதுபற்றி உலகம் பலவாறு பேசிற்று. அவர் செய்தன எல்லாம் செம்மையே என்று வாதாட யான் வரவில்லை. மேன்மக்கள் பலர் வாழ்விலும் நாம் உடன்படாதன உண்டு. ஆண்மக்களாயின் அவற்றை ஒருபுறம் வைத்து அவர்தம் பணியைப் போற்றுகின்றோம். அந்நீதியைப் பெண்மக்களுக்கும் வழங்குக என்பதே என் வேண்டுகோள்.

1986-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. மகப்பேற்றின்பின் நேர்ந்த நோயால் டிசம்பர் 13-ஆம் நாள் அவர் காலமானார். அகவை 31. ஏறக்குறையப் பத்தாண்டுக்குள் இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் நடித்து முடித்து, பச்சிளங் குழவியை விட்டுச் சென்றார். அக்காலத்து யான் விவரம் அறியாச் சிறுவன். பின்னாளில் அவர் படங்களைக் கண்டபொழுதே அவ்விழப்பின் அளவு எனக்கு விளங்கிற்று.

அவர் மறைந்தபின் 1987-இல் வெளிவந்தது 'மிர்ச் மசாலா'. கேதன் மேத்தா இயக்கியது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் வரி தண்ட வந்த சுபேதார் ஒருவன், சோன்பாய் என்னும் பெண்ணை விரும்பி நெருங்குகின்றான். அவள் அவனை அறைந்துவிட்டு ஓடி, மிளகாய் இடிக்கும் ஆலையுள் அடைக்கலம் புகுகின்றாள். காவற்காரனான முதியவர் அபூ மியான் கதவை அடைத்துவிடுகின்றார். ஊர்ப் பெரியோர் கூடுகின்றனர். ஒரு பெண்ணைக் கொடுத்து ஊரைக் காத்துக்கொள்வோம் என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவிற்குத் தலைமை தாங்கும் ஊர்த்தலைவனே, தன் மனைவி தங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பியதற்காகச் சினந்தவன். கதவு உடைபடுகின்றது, அபூ மியான் உயிர் துறக்கின்றார். அப்பொழுது ஆலையுள் இருந்த ஏழைப் பெண்கள் எல்லோரும் கூடி மிளகாய்ப்பொடியை வாரிச் சுபேதார்மேல் வீசுகின்றனர். கையில் அரிவாளோடு நிற்கும் ஸ்மிதாவின் முகத்தோடு படம் முடிகின்றது. பெருமிதம் தோன்றும் களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் தறுகண்மையைச் சொன்னார். அச்சொல்லுக்கு உரை வேண்டுவோர்க்கு யான் அந்த முகத்தைக் காட்டுவேன்.

ஆயினும், அன்பர்காள், அப்படத்தைக் காணுந்தோறும் என் கண் சோன்பாயினிடத்து மட்டும் நிற்பதில்லை. கூடி முடிவு செய்த அவ்வூர்ப் பெரியோரிடத்துச் செல்கின்றது. அவர்கள் கொடியரல்லர். நம்மைப்போல் அமைதியாக அமர்ந்து, ஊர் நலம் பேசி, ஒருவர் சொல்ல மற்றவர் வாளா இருந்தவர்கள்தாம்.

'திரைத்துறையில் தீமையே இல்லையோ?' என்று கேட்பீர்கள். உண்டு. 2024-இல் வெளிவந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை, மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் துன்பங்களை நாடறியச் செய்தது. அதனை யான் மறைக்கவில்லை. ஆயின் அதனால் பெறப்படுவது யாது? பெண்கள் அங்குச் செல்லலாகாது என்பதன்று. தனியே செல்லுமாறு விடலாகாது என்பதே. முறையாகக் கல்வி பயின்று, 'எனக்குப் பின்னால் என் வீடும் என் மக்களும் நிற்கின்றனர்' என்று சொல்ல வல்லவளாகச் செல்லும் பெண்ணிடம் விலை பேச எவனும் அஞ்சுவான். நம் இகழ்ச்சிக்கு அஞ்சி, நம்மை அறுத்துக்கொண்டு செல்பவளே இடர்ப்படுகின்றாள். நாம் காட்டும் வெறுப்பு அவளைக் காப்பதில்லை, அவளைத் தனியளாக்குகின்றது. மேலும் அப்பெண் கேட்டது பல்கலைக்கழகக் கல்வி. அதனை முடித்து அவள் நடிகையாகலாம், ஆசிரியையாகலாம், நாடகநூல் எழுதலாம். அவள் எதுவாக ஆவாள் என்பதை அவளே அறிவாள். கட்டணம் கட்ட இயலாத நிலையில் இருக்கின்றாள் என்பதே நாம் அறியவேண்டுவது.

5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் கொடுத்து ஒரு நல்ல படத்தை உண்டாக்கினர். நம் சங்கத்தில் அத்துணைப் பேர் இல்லை. நமக்கு அத்துணைப் பணமும் வேண்டா. ஒரு பெண்ணின் ஓராண்டுக் கட்டணமே வேண்டும். இனி வரும் விண்ணப்பங்களில் மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் மட்டுமே நோக்குக. பயிலும் பாடத்தை நோக்கி விலக்கற்க என்று இவ்வவையைப் பணிந்து வேண்டுகின்றேன். அடுத்த கூட்டத்தில் அப்பெண்ணின் விண்ணப்பம் எடுக்கப்பெறும்பொழுது யானும் அங்கிருப்பேன். இம்முறை வாய் திறப்பேன்.